தட்டையில் தொடங்கும் திருகு

அறுவடைக் காலத்தில் வயலோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? நெல் அறுவடை இயந்திரத்தின் தொட்டி நிரம்பியதும் டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும். இயந்திரத்தின் மேலிருந்து ஒரு நீளக் குழாய் டிராக்டர் பக்கம் திரும்பும். அதன் வாயிலிருந்து நெல் சடசடவென்று கொட்டத் தொடங்கும்.

நெல்லைத் தண்ணீர்போலப் பம்பு வைத்து இறைக்க முடியாது. அப்படியானால் அது குழாயில் எப்படி மேலே ஏறுகிறது? குழாய்க்குள் ஒரு பெரிய திருகு இருக்கிறது. நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் தகட்டுச் சிறகு. தண்டு சுழலும்போது சிறகு நெல்லை முன்னே தள்ளிக்கொண்டே போகும். இதற்கு ஆகர் என்று பெயர். சிமெண்ட் ஆலையிலும் கால்நடைத் தீவன ஆலையிலும் இதே ஏற்பாடுதான்.

எனக்கு நெல்லைவிட அந்தச் சிறகின் மேல்தான் கண். தகடு கடையில் தட்டையாகத்தான் கிடைக்கும். தட்டைத் தகட்டில் எந்த வடிவத்தை வெட்டினால் இந்தச் சிறகு வரும்? வெட்டியதைத் தண்டில் எங்கெங்கே பொருத்துவது? இன்றைக்கு இதை வடிவமைப்பவர்கள் கேட் (CAD) என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து கணினித் திரையில் வரைந்து பார்க்கிறார்கள். கணினி செய்யும் வேலையை நாம் சார்ட் அட்டையில் செய்து பார்த்துவிடலாம். கத்தரிக்கோல், காம்பஸ், பாகைமானி, பசை, வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு பிடிக்க வேண்டிய இடமும் ஒன்று வரும். அப்போது வீட்டில் பெரியவர் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நேர்கோடு எப்படிச் சுருளாகிறது?

முதலில் ஒரு சின்ன வேலை. தாளில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டுங்கள். அடிப்பக்கம் 20 செ.மீ., நிற்கும் பக்கம் 8 செ.மீ. இருக்கட்டும். சாய்ந்த பக்கத்தின் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாகக் கோடு போடுங்கள். நிற்கும் பக்கத்தைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்து, தாளின் அடிப்பக்கம் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் வரும்படி சுற்றுங்கள். கலர்க் கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும். இதைத்தான் திருகுசுருள் என்கிறோம்.

நீங்கள் அந்தக் கோட்டை வளைக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வளைத்தது தாளை. தாளை விரித்துப் பாருங்கள், கோடு நேராகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. சுற்றும்போது தாள் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. தட்டையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடுதான் மிகக் குறுகிய வழி. ஆகவே ஒரு பீப்பாயின் பக்கவாட்டில் கீழே நிற்கும் எறும்பு, மேலே எதிர்ப்பக்கம் இருக்கும் சர்க்கரைத் துணுக்கைச் சீக்கிரம் அடைய வேண்டுமானால், திருகுசுருள் பாதையில்தான் ஏற வேண்டும்.

ஒரு திருகுசுருளை வேறொருவருக்குத் தொலைபேசியில் சொல்ல எத்தனை எண்கள் தேவை? மூன்று போதும். உருளை எவ்வளவு பருமன்? ஒரு சுற்றுக்குள் எவ்வளவு உயரம் ஏறுகிறது? மொத்தம் எத்தனை சுற்று? நடுவில் உள்ள எண்ணைப் புரியிடைத் தூரம் என்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய பெயர். அதன் தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு 1 மி.மீ. நகரும். தலையைச் சுற்றி 100 கோடுகள் இருப்பதால், ஒரு கோடு அளவுக்கு மட்டும் திருப்பினால் 0.01 மி.மீ. நகரும். கண்ணுக்கே தெரியாத நகர்வை விரலால் அளந்து கொடுக்க முடிகிறது. எல்லாம் ஒரு சாய்கோட்டின் வேலை.

அந்தச் சாய்வு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். கடையில் எம்6 போல்ட் என்று கேட்டால் 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கமான எம்6 போல்ட்டின் புரியிடைத் தூரம் 1 மி.மீ. அதன் சுற்றளவோ 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 19 மி.மீ. நடந்தால் 1 மி.மீ. ஏற்றம், அதாவது சுமார் 3 டிகிரி சாய்வு. இவ்வளவு குறைந்த சரிவில் உராய்வே போதும், நட் தானாக வழுக்கி இறங்காது. இந்த எண்களை எல்லாரும் ஒப்புக்கொள்ளவே காலம் பிடித்தது. ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட் ஏறாத காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல்தான் எல்லாருக்கும் பொதுவான புரி அளவுகளை முன்வைத்தார்.

மூன்று எண்களோடு ஒரு சொல்லும் வேண்டும்: வலமா, இடமா? உருளையை நிமிர்த்திப் பிடித்து முன்பக்கத்தைப் பாருங்கள். கோடுகள் இடமிருந்து வலமாக ஏறினால் அது வலப்புரி. வலமிருந்து இடமாக ஏறினால் இடப்புரி. உலகத்தில் உள்ள திருகுகளில் பெரும்பாலானவை வலப்புரிதான். ஆனால் உங்கள் சைக்கிளின் இடது பெடலைக் கழற்றிப் பாருங்கள், அதில் இடப்புரி இருக்கும். அங்கேயும் வலப்புரியையே வைத்திருந்தால், மிதிக்க மிதிக்கப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். வெல்டிங் கடையில் அசிட்டிலின் வாயு உருளைக்கும் இடப்புரிதான். ஆக்சிஜன் குழாயை யாராவது தவறுதலாக அதில் மாட்டப் பார்த்தால் ஏறவே ஏறாது.

கணினி எதை நினைவில் வைக்கிறது?

ஃப்ரீகேட் என்றொரு கேட் மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. இலவசம். அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். இந்த இரண்டாவது வசதி எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல வழி ஏது?

அதில் ஹீலிக்ஸ் (திருகுசுருள்) என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். புரியிடைத் தூரம், உயரம், ஆரம் ஆகியவற்றைக் கேட்கும். உயரத்தைப் புரியிடைத் தூரத்தால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பதால் அதைத் தனியே கேட்பதில்லை. வலமா இடமா என்று கேட்கும். கோணம் ஒன்றும் கேட்கும். கோணம் 0 என்றால் சுருள் உருளையின் மேல் ஏறும், வேறு எண் கொடுத்தால் கூம்பின் மேல் ஏறும்.

எண்களைக் கொடுத்ததும் திரையில் அழகான சுருள் நிற்கும். உள்ளே அது என்னவாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? முதலில் ஓர் உருளைப் பரப்பு. அடுத்து, அந்தப் பரப்பைத் தட்டையாக விரித்தது போன்ற படத்தில் ஒரே ஒரு நேர்கோடு. அவ்வளவுதான்! நீங்கள் பென்சிலில் சுற்றிய அதே முக்கோண வித்தையைத்தான் கணினியும் செய்கிறது.

இப்படிச் சுற்றி வளைத்துச் செய்யக் காரணம் உண்டு. கார் உடலின் வளைவுகளைக் கணக்காக எழுதுவதற்கு 1959இல் சித்ரோன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோவும், 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும் தனித்தனியே ஒரு முறையைக் கண்டார்கள். சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்தால் அவற்றுக்கேற்ப வளைவு அமையும் முறை அது. கேட் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்த வளைவுகளைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தக் குடும்பத்து வளைவுகளால் வட்டத்தைத் துல்லியமாக எழுதிவிடலாம். திருகுசுருளை எழுத முடியாது. எத்தனை புள்ளி வைத்தாலும் மிக அருகில்தான் போகலாம், அதன் மேலேயே போக முடியாது. உருளையையும் நேர்கோட்டையும் சேர்த்து எழுதினாலோ துளியும் பிசகாது.

ஃப்ரீகேடில் போல்ட் வரைய முயல்கிறவர்கள் முதல்நாளே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புரியின் முக்கோண வெட்டுமுகத்தை வரைந்து அதைச் சுருள் வழியாக நடத்திக் கொண்டுபோனால் புரி உருவாகும். புரியிடைத் தூரம் 1 மி.மீ. என்றால் முக்கோணத்தின் உயரத்தையும் சரியாக 1 மி.மீ. என்று கொடுத்துவிடுவார்கள். அப்போது முதல் சுற்றின் மேல்விளிம்பும் இரண்டாம் சுற்றின் கீழ்விளிம்பும் ஒரே கோட்டில் தொட்டுக்கொள்ளும். தொடுகிறதா, வெட்டுகிறதா, ஒட்டுகிறதா என்று கணினியால் முடிவுசெய்ய முடியாமல் போய்விடும். உயரத்தை 0.99 என்று மாற்றிப் பாருங்கள், உடனே வரைந்துவிடும்.

குழாயும் துளைகளும்

இப்போது நம் ஆகரைச் செய்வோம். எண்களை நான் முடிவுசெய்கிறேன். தண்டுக் குழாயின் விட்டம் 40 மி.மீ. சிறகின் அகலம் 25 மி.மீ. குழாயின் இரண்டு பக்கமும் 25 சேரும், ஆகவே சிறகோடு சேர்த்து மொத்த விட்டம் 90 மி.மீ. புரியிடைத் தூரம் 60 மி.மீ. ஒரே ஒரு சுற்று மட்டும் செய்வோம்.

குழாயின் சுற்றளவு 40ஐ 3.1416ஆல் பெருக்கினால் வரும் 125.7 மி.மீ. அந்த அகலத்தில், 100 மி.மீ. உயரத்தில் ஒரு செவ்வகம் வெட்டுங்கள். ஒட்டுவதற்காக ஒரு பக்கம் 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். இடது ஓரத்தில் அடியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி, வலது ஓரத்தில் (ஒட்டும் பகுதியைச் சேர்க்காமல்) 80 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். சிறகு உட்காரப்போகும் பாதை இதுதான்.

கோட்டின் நீளம் என்ன? அடிப்பக்கம் 125.7, நிற்கும் பக்கம் 60. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் சுமார் 139.2 மி.மீ. வரும். அளவுகோலால் அளந்தும் சரிபாருங்கள். இந்த எண் பிறகு தேவைப்படும்.

சிறகைக் குழாயில் எப்படிப் பிடிக்கவைப்பது? பசை தடவிக் காற்றில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் சாய்ந்துவிடும். இங்கேதான் தகட்டு வேலைக்காரர்களின் பழைய தந்திரம் உதவும். சிறகின் உள்விளிம்பில் சின்னச் சின்ன நாக்குகள் விடவேண்டும், குழாயில் அவற்றுக்கேற்ற துளைகள் போடவேண்டும். நாக்கு துளைக்குள் நுழைந்ததும் பொருள் தன் இடத்தில் தானே நின்றுகொள்ளும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் செய்யப்பட்ட பழைய தகரப் பொம்மைகள் பலவற்றில் பசையோ திருகோ இருக்காது. நாக்கைத் துளையில் விட்டு மறுபக்கம் மடக்கியிருப்பார்கள். இன்றைய வெல்டிங் பட்டறைகளிலும் நாக்குக்கு மதிப்பு குறையவில்லை. பாகங்கள் நாக்காலும் துளையாலும் பூட்டிக்கொண்டால் வெல்டர் அளவுகோலையே எடுக்க வேண்டியதில்லை.

ஆறு நாக்குகள் வைப்போம். 139.2ஐ ஆறால் வகுத்தால் 23.2. சாய்கோட்டில் முதல் துளையின் நடுவை 11.6 மி.மீ.இல் குறியுங்கள். அங்கிருந்து 23.2 மி.மீ.க்கு ஒன்றாக மற்ற ஐந்தையும் குறியுங்கள். ஒவ்வொரு துளையும் கோட்டின் திசையிலேயே 9 மி.மீ. நீளத்துக்கு இருக்கட்டும். அகலம் அட்டையின் தடிமன் அளவு போதும். பிளேடு வேலையைப் பெரியவர் செய்யட்டும். பிறகு கோடு வெளியே தெரியும்படி சுருட்டி ஒட்டுங்கள். கோடு உள்ளே போகும்படி சுருட்டினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து பார்க்கும்போது துளைகள் இடப்புரியாக ஏறும்! எப்படியோ ஒரு திருகுதான் கிடைக்கும், ஆனால் நெல் எதிர்த்திசையில் ஓடும்.

இரும்புக் குழாயில் இந்தத் துளைகளை லேசர் இயந்திரம் வெட்டுகிறது. குழாயைத் தட்டையாக்க முடியாதே என்று அது கவலைப்படுவதில்லை. குழாயைத் தன் அச்சில் சுழற்றும், வெட்டும் முனையை நீளவாக்கில் நகர்த்தும். இவ்வளவு சுழற்சிக்கு இவ்வளவு நகர்வு என்று கணினி சொல்லும். அந்தக் கணக்கும் தட்டைப் படத்திலிருந்து வருவதுதான்.

முழு வட்டம் போதாதா?

சிறகுக்கு வருவோம். உங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும், 20 மி.மீ. ஆரத்தில் உள்வட்டம், 45 மி.மீ. ஆரத்தில் வெளிவட்டம் போட்டு வளையமாக வெட்டி, ஓரிடத்தில் கத்தரித்து, முனைகளை மேலும் கீழுமாக இழுத்தால் போதும் என்பார்கள். செய்துபாருங்கள். வளையத்தின் உள்விளிம்பு குழாயை ஒரு முழுச் சுற்று வராது. கொஞ்சம் பற்றாது.

ஏன் என்று பார்ப்போம். அந்த வளையத்தின் உள்சுற்றளவு 125.7 மி.மீ.தான். ஆனால் அது படுத்திருக்கும் பாதை சாய்கோடு. அதன் நீளம் 139.2 என்று அளந்தோமே! ஏறிக்கொண்டே சுற்றுவதற்குத் தரையில் சுற்றுவதைவிட அதிகத் தூரம் வேண்டும்.

வெளிவிளிம்புக்கும் இதே கணக்கைப் போடுங்கள். விட்டம் 90, சுற்றளவு 282.7, ஏற்றம் அதே 60. சாய்கோடு 289.0 மி.மீ. இப்போது நமக்கு வேண்டிய வளையத்துண்டு இப்படி இருக்க வேண்டும்: உள்வில் 139.2, வெளிவில் 289.0, இரண்டுக்கும் இடையே அகலம் 25.

இதிலிருந்து ஆரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. 25 மி.மீ. வெளியே போனால் வில் 149.8 மி.மீ. நீள்கிறது. அப்படியானால் 139.2 மி.மீ. நீளமுள்ள வில் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? 25ஐ 139.2ஆல் பெருக்கி 149.8ஆல் வகுத்தால் 23.2 மி.மீ. அதுதான் உள் ஆரம். வெளி ஆரம் 48.2.

23.2 மி.மீ. ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவு 146 மி.மீ. நமக்கு 139.2 போதும். அதாவது 360 டிகிரியில் 343 டிகிரி மட்டும். மீதி 17 டிகிரியை வெட்டி எறிந்துவிட வேண்டும். பெரிதாக வரைந்து ஒரு துண்டை எறிவது என்பது முதலில் எனக்குக் கோணலாகத்தான் பட்டது, ஆனால் எண்கள் விடாப்பிடியாக அதைத்தான் சொல்கின்றன.

வெட்டுவதற்கு முன் நாக்குகளை வரையுங்கள். உள்வட்டத்துக்கு உள்ளே 6 மி.மீ. நீண்டு நிற்கும், 8 மி.மீ. அகலமுள்ள ஆறு நாக்குகள். துளை 9, நாக்கு 8. இரும்பில் இவ்வளவு இடைவெளி விடமாட்டார்கள். 0.1 அல்லது 0.2 மி.மீ. விடுவார்கள். ஆனால் அங்கேயும் கொஞ்சம் விட்டே ஆகவேண்டும். துளையும் நாக்கும் ஒரே அளவில் இருந்தால் திரையில் பொருந்தும், பட்டறையில் சுத்தியலைத் தேட வைக்கும்.

நாக்குகளை எத்தனை டிகிரிக்கு ஒன்றாக வைப்பது? குழாயில் ஒரு சுற்று 360 டிகிரி, ஆறு துளைகள், ஆகவே 60 டிகிரிக்கு ஒன்று. அட்டை வளையத்திலும் 60 என்று வைத்தால் கதை கெட்டது! வளையத்தில் நம்மிடம் இருப்பதே 343 டிகிரிதான். அதை ஆறால் வகுத்தால் 57.2. முதல் நாக்கு வெட்டு விளிம்பிலிருந்து 28.6 டிகிரியில், அடுத்தவை 57.2 டிகிரிக்கு ஒன்றாக. 60 என்று வைத்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் 1 மி.மீ.க்கு மேல் விலகி, ஆறாவது நாக்கு தன் துளையைவிட்டு 5 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருக்கும். பாகைமானியில் 0.2 டிகிரியை யாராலும் குறிக்க முடியாது, 57 என்று வைத்தாலும் நுழைந்துவிடும். நாக்கைவிடத் துளையை 1 மி.மீ. நீளமாக விட்டது இதற்காகவும்தான்.

வளையத்துண்டைக் குழாயில் சுற்றி, கீழ்நாக்கிலிருந்து ஒவ்வொன்றாக நுழையுங்கள். உள்ளே விரலை விட்டு நாக்கை மடக்கிப் பசை வையுங்கள். ஆறும் நுழைந்ததும் சிறகு விறைப்பாக நிற்கும்.

30உம் 30உம் சேர்ந்தால் 58.26

மடக்கும்போது சில நாக்குகளின் அடிமூலையில் சின்னக் கிழிசல் விழுந்திருக்கும், பாருங்கள். தகட்டிலும் இதே வியாதி உண்டு. மடிப்பு முடியும் இடத்தில், மடியும் பகுதியும் மடியாத பகுதியும் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துக்கொள்ளும். மருந்து எளியது. நாக்கின் அடியில் இரண்டு பக்கமும் மடிப்புக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வரை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும். ரிலீஃப் வெட்டு என்பார்கள். கேட் மென்பொருளின் தகட்டுப் பகுதியில் மடிப்புச் சேர்க்கும்போது, இந்த வெட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அதுவே கேட்கும்.

அட்டையில் தெரியாத இன்னொரு விஷயம் தகட்டில் உண்டு. ஒரு பெரிய அழிரப்பரை எடுத்து, பக்கவாட்டில் பேனாவால் சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போடுங்கள். ரப்பரை வளையுங்கள். வெளிப்பக்கம் கோடுகள் விலகும், உள்பக்கம் நெருங்கும், நடுவில் எங்கோ ஓரிடத்தில் இடைவெளி மாறாமல் இருக்கும். தகட்டை மடக்கும்போதும் இதுவே நடக்கிறது. வெளிப்பக்க உலோகம் நீள்கிறது, உள்பக்கம் நசுங்குகிறது, நீளம் மாறாத ஓர் அடுக்கு நடுவில் இருக்கிறது. அந்த அடுக்கு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கே பேக்டர் என்கிறார்கள். பெரும்பாலும் 0.33க்கும் 0.5க்கும் இடையே இருக்கும். உலோகத்தையும் மடிக்கும் கருவியையும் பொறுத்து மாறும் என்பதால், நல்ல பட்டறைக்காரர் ஒரு துண்டை மடித்து அளந்து பார்த்த பிறகுதான் கணினியில் இந்த எண்ணைக் கொடுப்பார்.

1 மி.மீ. தகட்டில் எல் வடிவம் ஒன்று செய்கிறோம். வெளியளவில் ஒவ்வொரு காலும் 30 மி.மீ. உள்வளைவின் ஆரம் 1 மி.மீ., கே பேக்டர் 0.44 என்று வைத்துக்கொள்வோம். தட்டையாக எவ்வளவு நீளம் வெட்டவேண்டும்? 60 என்று அவசரப்படாதீர்கள். மூலை வளைவுக்காக ஒவ்வொரு காலிலும் 2 மி.மீ. கழித்தால் நேரான பகுதிகள் 28, 28. மூலையில் நீளம் மாறாத அடுக்கு 1.44 மி.மீ. ஆரமுள்ள கால்வட்டம், அதன் நீளம் 2.26. எல்லாம் சேர்ந்தால் 58.26 மி.மீ. மடித்த பொருளை விரித்துக் காட்டு என்று பொத்தானை அழுத்தினால் கணினி செய்வது இந்தக் கூட்டல்தான்.

கணினி கைவிரிக்கும் இடம்

சரி, நம் ஆகர் சிறகைத் திரையில் வரைந்து, அதையும் விரித்துக் காட்டு என்று கேட்டால்? மடிப்புகளை மட்டும் விரிக்கத் தெரிந்த தகட்டுக் கருவி கைவிரித்துவிடும். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சிறகை விரிக்கவே முடியாது என்பது கணிதம் போட்ட தடை.

1827இல் ஜெர்மனியின் கார்ல் பிரெடரிக் காஸ் வளைபரப்புகளைப் பற்றி ஒரு தேற்றத்தை நிறுவினார். ஒவ்வொரு பரப்புக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வளைவு எண் உண்டு. நீட்டாமலும் சுருக்காமலும் நீங்கள் எப்படி வளைத்தாலும் அந்த எண் மாறாது. தட்டைத் தாளுக்கு அந்த எண் 0. உருளைக்கும் கூம்புக்கும்கூட 0. அதனால்தான் தாளைச் சுருட்டி உருளையாக்க முடிகிறது. உருண்டைக்கு 0 அல்ல. அதனால் பூமியை எந்தத் தாளிலும் சரியாக விரிக்க முடியாது. சுவரில் தொங்கும் பல உலகப் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போலச் சுமார் 14 மடங்கு பெரியது.

ஆகர் சிறகின் பரப்புக்கும் அந்த எண் 0 இல்லை. ஆனால் நாம் அட்டையில் செய்துவிட்டோமே? நடுவில் அளந்து பாருங்கள். சிறகின் நடுக்கோடு 65 மி.மீ. விட்டத்தில் ஏறுகிறது. சாய்கோட்டுக் கணக்குப்படி அதன் நீளம் 212.8 மி.மீ. இருக்க வேண்டும். நாம் வெட்டிய வளையத்திலோ நடுவில்லின் நீளம் 139.2க்கும் 289.0க்கும் சரிபாதி, 214.1. அதாவது 1.3 மி.மீ. அதிகம். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் சரியாக இருக்கின்றன, நடுவில் கொஞ்சம் அட்டை மிஞ்சுகிறது. மிஞ்சியது எங்கே போகும்? லேசாகப் புடைக்கும். சிறகின் மேல் விரலை ஓட்டினால் தெரியும்.

இரும்பில் அந்த மிச்சத்தை அமுக்கிச் சரிசெய்கிறார்கள். வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி, பிரஸ்ஸில் வைத்து இழுத்து அல்லது அழுத்தி வடிவம் கொடுத்து, முனையோடு முனை வெல்டிங் செய்வது ஒரு வழி. வளையமே வெட்டாமல், நீளமான இரும்புப் பட்டையைக் கூம்பு வடிவ உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கியே சுருளாக்குவது இன்னொரு வழி. பட்டையின் ஓர் ஓரம் அதிகமாக நசுங்கும், நசுங்கிய ஓரம் நீளும், நீண்ட ஓரம் வெளிவிளிம்பாகும். அப்படிச் செய்த சிறகில் வெளிவிளிம்பின் தடிமன் உள்விளிம்பில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். நெல்லோடு உரசித் தேயப்போவதும் அந்த மெல்லிய ஓரம்தான் என்பது கொஞ்சம் சங்கடமான ஏற்பாடு. அதனால் தேய்மானம் அதிகமுள்ள வேலைக்குத் தடிமன் குறையாத தனி வளையங்களையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி எண்களை மாற்றிப் பார்க்கலாம். கேட் மென்பொருளின் உண்மையான பலமே அதுதான். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளைச் செய்தபோதே இதற்கு விதை போட்டுவிட்டார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைவதோடு, இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்கட்டும் என்று கட்டளையும் போடலாம், கணினியே சரிசெய்துகொள்ளும். இன்று 60 என்ற எண்ணை 120 என்று திருத்தினால் சுருளும் துளைகளும் நாக்குகளும் தாமாகவே இடம் மாறுகின்றன.

நாம் கையால் திருத்துவோம். குழாயும் சிறகின் அகலமும் அப்படியே இருக்கட்டும், புரியிடைத் தூரத்தை மட்டும் 120 மி.மீ. ஆக்குங்கள். குழாயின் உயரத்தை 160 ஆக்க வேண்டியிருக்கும். அதே வழியில் கணக்குப் போட்டால் உள் ஆரம் 32.6 மி.மீ. வரும். வேண்டிய கோணம் சுமார் 306 டிகிரி, எறிய வேண்டியது 54 டிகிரி. நடுவில் மிஞ்சும் அட்டையோ 3.6 மி.மீ.! இந்தத் தடவை புடைப்பு விரலுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் தெரியும். 30 மி.மீ. புரியிடைத் தூரத்துக்கு எவ்வளவு மிஞ்சும், எத்தனை டிகிரி எறிய வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். எறியும் துண்டு சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் புரியிடைத் தூரம் 0 ஆகும்வரை மறையாது. அது ஏன் என்றும் யோசித்துவையுங்கள். நான் ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: புரியிடைத் தூரம் 0 என்றால் அந்தச் சிறகு, போல்ட்டின் தலைக்கடியில் போடும் வாஷர்தான்.